கருந்தாடைக் குஞ்சுகள்

பார்பர்ட்டன், ஒஹாயோ
செப்டம்பர் 22, 1997

ஹார்லன் அவர்களுக்கு,

அன்புள்ள என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். பேனா அந்த வார்த்தையில் நிற்கிறது, அதனால் விட்டுவிட்டேன்.

நேற்று சாயங்காலம் மூன்று முறை போன் அடித்தது நீங்கள்தான் என்று தெரியும். எடுக்கவில்லை. எடுத்தால் கத்துவேன், கத்தினால் அழுவேன், அழுதால் நீங்கள் கணப்பு அடுப்பு பழுதுபார்க்கப் போகிற வீடுகளில் பேசுகிற அந்தக் குரலில் என்னைச் சமாதானப்படுத்திவிடுவீர்கள். எனக்குச் சமாதானம் வேண்டாம். நான் கோபமாக இருக்கவேண்டும், அதை நீங்கள் உட்கார்ந்து படிக்கவேண்டும்.

என் எமில் இறந்து ஆறு மாதம் ஆகிறது. பன்னிரண்டு வருஷம் எங்கள் கீழறையில் அந்தக் கருந்தாடை மீனை அவர் காப்பாற்றினார். ஆப்பிரிக்காவில் அதன் சொந்த விக்டோரியா ஏரியில் இப்போது ஒன்றுகூட இல்லை என்று சொன்னதே நீங்கள்தான். டயர் கம்பெனியில் ஷிப்டு முடிந்து, கையில் ரப்பர் நாற்றம் போகச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு, சாப்பிடுவதற்கு முன்னால் நேராகக் கீழே போவார். நான் மாட்டிறைச்சி வறுவலை மூடி வைத்துக்கொண்டு காத்திருப்பேன். மிருகக்காட்சிசாலைக்காரர்கள் இந்த வருஷம் நாற்பது குஞ்சு கேட்டார்கள். கொடுக்கிறவர் பெயரிலேயே அந்த மீனின் வம்சவழி பதிவாகும் என்றார்கள். எங்கள் பெயரில், ஹூடாக் வழி என்று. அதைப் பார்க்கத்தான் அவர் இல்லை. நம் மீன் வளர்ப்போர் சங்கத்தில் மூத்த வளர்ப்பாளர் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் எடுத்துக்கொள்வார்கள் என்பதால், பன்னிரண்டு குஞ்சை ஊறுகாய்க் குடுவையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு வந்தேன்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? குடுவையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தீர்கள். கண்ணாடியைக் கழற்றினீர்கள், மாட்டினீர்கள். பிறகு நாற்பது பேர் முன்னால், டோனட் தின்றுகொண்டிருந்த அத்தனை வாயும் நிற்கும்படி, "இது கலப்பு. எமில் தொட்டியில இருந்து வந்த எதுலயும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றீர்கள். செயலாளர் ஓப்பல் காப்பிக் கோப்பையை மேசையில் வைத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நான் குடுவையை வாங்கிக்கொண்டு, மேல்கோட்டைக்கூட எடுக்காமல் வண்டிக்கு வந்தேன்.

ஒன்றரை அங்குலக் குஞ்சு. எல்லாம் ஒரே சாம்பல் நிறம். ஆண் மீனுக்கு நிறம் ஏறும்வரை எது எதுவென்று சொல்ல முடியாது என்று எமிலே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். உங்களுக்கு மட்டும் அரை நிமிஷத்தில் தெரிந்துவிட்டதாக்கும்.

அடுத்த கூட்டத்தில் சொன்னதைத் திரும்பப் பெறுங்கள். இல்லையென்றால் உங்களுக்கும் இந்த வீட்டுக்கும் ஒன்றுமில்லை.

வெர்னா


மாசிலன், ஒஹாயோ
செப்டம்பர் 26, 1997

அன்புள்ள வெர்னா,

உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் திட்டுவது எனக்குப் புதிதில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் உங்கள் புதுக் கம்பளத்தில் இருபது கேலன் தண்ணீரைக் கொட்டியபோதும் திட்டியிருக்கிறீர்கள். இந்தத் தடவை எனக்கும் கொஞ்சம் கோபம் உண்டு, சொல்லிவிடுகிறேன். குடுவையை முதலில் உங்கள் வீட்டுச் சமையலறையில் வைத்து எனக்குக் காட்டியிருந்தால் சமையலறையிலேயே சொல்லியிருப்பேன். நாற்பது பேர் முன்னால் என் கையில் கொடுத்துப் பேனாவையும் நீட்டினீர்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? கையெழுத்தைப் போட்டுவிட்டு, அந்தக் கலப்பை மிருகக்காட்சிசாலைக்கு அனுப்பி, மிச்சம் இருக்கிற நல்ல மீனோடு சேர்த்து எல்லாவற்றையும் பாழாக்கவா?

சொன்னதைத் திரும்பப் பெற மாட்டேன். என்னை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். எமிலின் ஒடுக்கமான கண்ணாடிப் பெட்டி, போட்டோ எடுக்க வைத்திருந்தானே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் வெள்ளைத் தாள் ஒட்டுங்கள். ஒவ்வொன்றாக விடுங்கள். பத்து நிமிஷம் சும்மா இருக்கட்டும். அப்போது எல்லாம் வெறும் வெள்ளிதான். பிறகு கையை மெதுவாக மேலே கொண்டுபோய் நிழல் விழச் செய்யுங்கள். பயந்தால் குஞ்சு தன் சுயரூபத்தைக் காட்டிவிடும்.

கருந்தாடைக் குஞ்சு என்றால் மேலிருந்து கீழாக ஆறு பட்டை. முதல் பட்டை கண்ணின் மேலேயே இறங்கும். பக்கத்துத் தொட்டியில் இருக்கிற மற்ற இனம், தீத்தோள் என்றால் நிற்கிற பட்டையே கிடையாது. செவுளிலிருந்து வால்வரை படுத்த கோடு ஒன்றே ஒன்று ஓடும். உங்கள் குடுவையில் நான் பார்த்தவற்றில் இரண்டும் இருந்தன. கோடும் பட்டையும் குறுக்கே வெட்டி, கை துடைக்கும் துண்டு மாதிரிக் கட்டம் கட்டமாக. குஞ்சை நிறத்தில் பார்க்கக்கூடாது, பயத்தில் பார்க்க வேண்டும். அரை நிமிஷம் போதும்.

எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். கடைசிக் காலத்தில் எமிலுக்கு மூச்சே சரியில்லை. மருந்து வேறு. எங்கேயோ கவனம் தவறியிருக்கலாம். அதற்காக யாரும் அவனைக் குறை சொல்லப்போவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர் சீக்கிரம் வரும் போலிருக்கிறது. உங்கள் கணப்பு அடுப்பின் வடிகட்டியை மாற்ற வேண்டும், வந்து மாற்றித் தருகிறேன்.

உங்கள்
ஹார்லன் ஸ்ட்ரூப்


பார்பர்ட்டன்
அக்டோபர் 9, 1997

ஹார்லன் அவர்களுக்கு,

வடிகட்டியை நானே மாற்றிவிட்டேன். கடைக்காரர் எப்படி என்று காட்டிக் கொடுத்தார். கஷ்டமான வேலை ஒன்றுமில்லை.

நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். நீங்கள் சொன்னது தவறு என்று நிரூபிக்கத்தான் பார்த்தேன், மறைக்கவில்லை. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பஸ்ஸை டிப்போவில் விட்டு, ஒன்பதரைக்குக் கீழே போய் உட்கார்ந்தேன். நான்கு நாள் அதே வேலை. எமிலின் பெட்டி, வெள்ளைத் தாள், என் வாசிப்புக் கண்ணாடி. ஒவ்வொரு குஞ்சுக்கும் ஓர் அட்டை எடுத்து, பென்சிலால் மீன் மாதிரி ஒரு வடிவம் போட்டு, நிழல் விழுந்ததும் எழும்புகிறதை அப்படியே வரைந்தேன். முதல் இரண்டு நாள் ஒன்றும் சரியாக வரவில்லை. பெட்டிக்குள் அது என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கையைக் கொண்டுபோனால் சட்டென்று கீழே படுத்து, எங்கிருந்தோ கறுப்பெல்லாம் உடம்புக்கு வரும். பாவமாக இருந்தது, ஆனாலும் விடவில்லை.

பன்னிரண்டில் பன்னிரண்டும் கட்டம். மூன்றில் கோடு விட்டு விட்டு ஓடுகிறது, மற்றபடி சந்தேகம் இல்லை. பிறகு தொட்டியிலிருந்து இன்னும் இருபது பிடித்துப் பார்த்தேன். அதுவும் அப்படியே.

ஆக நீங்கள் சொன்னது சரி. இதை எழுத எனக்கு எவ்வளவு கசக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் கண் சரி என்று ஆனபிறகு என் கோபம் குறைந்திருக்க வேண்டும், கூடித்தான் இருக்கிறது.

எமில் கவனம் தவறினார் என்று எழுதியிருக்கிறீர்கள். எமிலா? இரண்டு இனத்திலும் பெண் மீன் ஒன்றுபோலவே இருக்கும் என்பதற்காக, கருந்தாடைப் பெண்ணுக்கு மட்டும் வாலின் மேல் நுனியில் அரிசியளவு வெட்டிவிடுவார். அது மறுபடி வளர்ந்துவிடும் என்று மாதம் ஒருமுறை, முதல் ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்வந்த சட்டையோடு மறுபடி வெட்டுவார். குஞ்சை வாயில் சுமக்கிற தாயைத் தனி டப்பாவில் போடும்போதும் டப்பாவின் மேல் பெயர் ஒட்டுவார். இரண்டு தொட்டிக்கும் ஒரே வலையை வைக்க மாட்டார். கல்யாண நாளை மறந்த மனுஷர், வலையை மறந்ததில்லை. ஜனவரி 14ஆம் தேதி ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை. இந்தக் குஞ்சுகள் ஏப்ரலில் தாயின் வாயிலிருந்து வெளியே வந்தவை. கவனம் தவற அவர் எங்கே இருந்தார்?

இன்னொன்று. மிருகக்காட்சிசாலையில் மீன்களைப் பார்த்துக்கொள்கிற பெண் போன் செய்தார். மிகவும் மரியாதையாகப் பேசினார். "உங்க கணவர் தொட்டியில இப்படி ஆயிடுச்சுன்னு கேள்விப்பட்டோம், ரொம்ப வருத்தம்மா. நல்லவேளை, ஸ்ட்ரூப் கிட்ட சுத்தமான மீன் இருக்கு, அவர் தரேன்னு சொல்லிட்டாரு" என்றார். 94இல் எமில் ஒரு பையில் போட்டு உங்கள் பிறந்தநாளுக்குக் கொடுத்த பன்னிரண்டு குஞ்சின் பிள்ளைகள்தானே அவை? இப்போது ஸ்ட்ரூப் வழி என்று பதிவாகப் போகிறதாம். எனக்கு நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பதில் எழுதுங்கள். வடிகட்டியைப் பற்றி வேண்டாம்.

வெர்னா


மாசிலன்
அக்டோபர் 15, 1997

அன்புள்ள வெர்னா,

நீங்கள் வரைந்த அட்டைகளைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. சங்கத்தில் இருபது வருஷம் மீன் வளர்க்கிறவர்களில் பாதிப் பேருக்கு இந்தப் பொறுமை இல்லை.

மிருகக்காட்சிசாலை விஷயத்தில் நீங்கள் தப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர்களுக்கு இந்த வருஷமே மீன் வேண்டும். என்னிடம் இருந்தது, கொடுக்கிறேன் என்றேன். அவர்கள் படிவத்தில் கொடுக்கிறவர் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது, அதில் என் பெயரை எழுதிக்கொண்டார்கள். நானாகக் கேட்கவில்லை. மீன் பிழைப்பதுதான் பெரிது, பெயரா பெரிது? எமில் இருந்தால் இதையேதான் சொல்லியிருப்பான்.

எப்படி நடந்தது என்று தோண்டிக்கொண்டிருப்பதில் யாருக்கும் லாபமில்லை. மீன் மூடிக்கு மேல் துள்ளிப் பக்கத்துத் தொட்டியில் விழுவது எத்தனை வீட்டில் நடக்கிறது.

அவசரமாகச் செய்ய வேண்டியது வேறு. அந்தக் குஞ்சுகளை முடித்துவிட வேண்டும். அறுபது இருக்குமா? இரக்கப்பட்டு யாராவது கேட்டால் கொடுத்துவிடுவீர்கள், அவர் இன்னொருவருக்குக் கொடுப்பார், இரண்டு வருஷத்தில் ஏலத்தில் கருந்தாடை என்று சீட்டு ஒட்டி வந்துவிடும். பெரிய தொட்டியையும் நம்பக்கூடாது. தாய்களில் எது எது என்று இனிமேல் சொல்ல முடியாது. உங்களால் முடியாது என்றால் நான் சனிக்கிழமை வருகிறேன். ஐஸ் தண்ணீரில் ஒரு நிமிஷம்தான். நீங்கள் மேலே இருங்கள்.

உங்கள்
ஹார்லன்


பார்பர்ட்டன்
அக்டோபர் 27, 1997

ஹார்லன்,

சனிக்கிழமை நீ வராமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. இந்தக் கடிதத்தில் மரியாதை கொடுத்து எழுதக் கை வரவில்லை. முப்பது வருஷப் பழக்கத்தில் ஒரு தடவை, பொறுத்துக்கொள்.

நேற்று தீத்தோள் தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியைச் சுரண்டப் போனேன். அங்கே ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது. எமிலின் அட்டை முன்பக்கம் இருக்கும், அதனால் இதை நான் கவனித்ததே இல்லை. உன் கையெழுத்து. "பிப். 11. இரண்டு தாயும் தொட்டிக்குத் திரும்பின." கீழே உன் பெயரின் முதலெழுத்து.

கையில் சுரண்டியோடு அங்கேயே நின்றேன். பிப்ரவரி 11 எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஆனால் வேறு காரணத்துக்காக. அன்றைக்குத்தான் டாக்டர் போனில் எமிலின் நுரையீரலைப் பற்றிச் சொன்னார். நான் சமையலறைச் சுவரில் சாய்ந்துகொண்டு ஒரு காதில் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ கீழிருந்து கத்தினாய்.

"வெர்னா, எந்த டப்பாவுல எந்தத் தாய்னு எமில் ஏதாவது சொன்னானா? ஒட்டின பேரெல்லாம் தண்ணில நனைஞ்சு உரிஞ்சு கெடக்கு."

"எனக்கென்ன தெரியும், வாலப் பாருங்க," என்றேன்.

"ரெண்டுக்கும் வால் முழுசா இருக்கே."

"அப்ப என்னைய ஏன் கேக்குறீங்க, நீங்கதானே மீன்காரரு," என்று கத்திவிட்டு, டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரத்தில் தொட்டி மூடி சாத்துகிற சத்தம் கேட்டது. இரண்டு மூடி. பிறகு நீ மேலே வந்து கை கழுவினாய், நான் காப்பி ஊற்றினேன், நுரையீரலைப் பற்றிச் சொன்னேன். மீனைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

எமில் ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து யாரும் வால் வெட்டவில்லை. ஒரு மாதம். வெட்டின இடம் வளர்ந்துவிட்டது. உனக்குத் தெரியாதா? சங்கத்தில் புதிதாகச் சேர்கிற பொடியனுக்குக்கூடத் தெரியும். நீ குத்துமதிப்பாகப் போட்டாய். இந்தத் தாயை அந்தத் தொட்டியில், அந்தத் தாயை இந்தத் தொட்டியில். போட்டுவிட்டு, நல்ல பிள்ளையாக அட்டையும் எழுதி ஒட்டினாய்.

அதைக்கூட நான் மன்னித்திருப்பேன். வாரத்தில் மூன்று நாள், வேலை முடிந்து, அந்தப் பனியில் மாசிலனிலிருந்து வண்டி ஓட்டி வந்தவன் நீ. அந்த இரண்டு மாதம் நீ இல்லாவிட்டால் கீழறையில் ஒரு மீன் மிஞ்சியிருக்காது, எனக்கும் பேச ஆள் இருந்திருக்காது. தப்பு நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், போடா என்று சொல்லிவிட்டு இன்னொரு காப்பி ஊற்றியிருப்பேன்.

ஆனால் நீ குடுவையைத் தூக்கிப் பார்த்தபோது உனக்குத் தெரியும். கலப்பு என்பது மட்டுமல்ல, யார் கலந்தது என்றும் தெரியும். தெரிந்துகொண்டே "எமில் தொட்டி" என்றாய். எனக்கு எழுதும்போது "எமில் கவனம் தவறியிருக்கலாம்" என்றாய். மூடிக்கு மேல் மீன் துள்ளியது என்றாய். வந்து திருப்பிச் சொல்ல முடியாத மனுஷர் மேல் தூக்கிப் போட்டாய். அவர் உன்னை என்ன செய்தார்? அதற்குமேல், அவர் கொடுத்த மீனையே உன் பெயரில் எழுதிக்கொண்டாய்.

குஞ்சுகளைக் கொல்ல இவ்வளவு அவசரம் ஏன் என்றும் இப்போது புரிகிறது.

நவம்பர் 16 கூட்டத்தில், அதே கூடத்தில், அதே இடத்தில் எழுந்து நின்று, இதைச் செய்தது நான் என்று சொல். எமிலின் பெயரில் ஒட்டின கறையை நீயே துடை. அது போதும், வேறு ஒன்றும் கேட்கவில்லை.

வெர்னா


மாசிலன்
நவம்பர் 3, 1997

அன்புள்ள வெர்னா,

இது ஐந்தாவது தாள். முதல் நான்கைக் கிழித்துவிட்டேன்.

நீங்கள் எழுதியது எல்லாம் உண்மை. நான்தான் போட்டேன். பிப்ரவரி 11, மதியம் மூன்று மணி இருக்கும். இரண்டு டப்பா, இரண்டு தாய், இரண்டும் சாம்பல், இரண்டுக்கும் முழு வால். இடது டப்பா கருந்தாடையாக இருக்கும் என்று நினைத்தேன். ஏன் நினைத்தேன் என்று கேட்டால் காரணம் இல்லை. ஒரு வாரம் காத்திருந்து, எமிலைக் கேட்டுவிட்டுப் போட்டிருக்கலாம். டப்பாவில் கிடந்து தாய்கள் இளைத்துப்போயிருந்தன, எனக்கும் களைப்பு. கை முந்திவிட்டது.

அன்று சாயங்காலமே அவனைக் கேட்கத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இது உங்களுக்குத் தெரியாது, நீங்கள் அப்போது கீழே மருந்து வாங்கப் போயிருந்தீர்கள். மூக்கில் குழாய். நான் நாற்காலியை இழுக்கும்போதே, "தாயெல்லாம் திரும்பிடுச்சா?" என்று கேட்டான். "திரும்பிடுச்சு," என்றேன். "கருந்தாடை?" "நல்லா இருக்கா." அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இருக்கிறப்ப எனக்கென்னடா கவலை," என்றான். அதற்குப் பிறகு எந்த டப்பா என்று நான் எப்படிக் கேட்பேன்? நாளைக்குக் கேட்கலாம் என்று வந்துவிட்டேன். அடுத்த நாள் அவனுக்குப் பேச்சு இல்லை.

பாதிக்குப் பாதி சரியாக இருக்கும் என்று ஏழு மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். குடுவையைத் தூக்கியதும் தெரிந்தது. கையெழுத்துப் போட முடியாது, அது மட்டும் நிச்சயம். கலப்பு என்ற முதல் வாக்கியத்தைச் சொல்லிவிட்டேன். அடுத்த வாக்கியம் வாய்வரை வந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். இருபத்தாறு வருஷமாக மீன் அடையாளம் தெரியவில்லை என்றால் ஹார்லனிடம் காட்டு என்று சொல்கிற கூட்டம் அது. வேறு எதிலும் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை, வெர்னா. மனைவி போனாள், பிள்ளை இல்லை, ஊரில் பாதி வீட்டின் கணப்பு அடுப்பைத் தெரியும், வீட்டுக்காரரைத் தெரியாது. அந்தக் கூடம் ஒன்றுதான் எனக்கு. அதனால் அடுத்த வாக்கியத்தில் எமிலின் பெயர் வந்துவிட்டது. சொல்லும்போதே அசிங்கம் என்று தெரிந்தது.

கூட்டத்தில் எழுந்து சொல்லச் சொல்கிறீர்கள். அது மட்டும் என்னால் முடியாது. மற்ற எதைக் கேட்டாலும் செய்கிறேன். மிருகக்காட்சிசாலைக்கு இன்றே எழுதிவிட்டேன். ஹூடாக் வழி என்றே பதிவாகும். எமிலின் பெயர் இருக்கும். இது நமக்குள் இருக்கட்டும்.

ஹார்லன்


பார்பர்ட்டன்
நவம்பர் 24, 1997

மதிப்பிற்குரிய திரு. ஸ்ட்ரூப் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம், 16ஆம் தேதிவரை பொறுத்துப் பார்க்கலாம் என்று இருந்தேன். முடியாது என்று எழுதினாலும், கூடத்தில் என் முகத்தைப் பார்த்தால் எழுந்து சொல்லிவிடுவீர்கள் என்று நினைத்தேன். உருளைக்கிழங்கை மாவில் மூடி அவிக்கிற பியரோகிகூடச் செய்து கொண்டுவந்தேன். சொல்லி முடித்தபிறகு உங்களுக்கு ஒரு தட்டு கொடுக்க வேண்டும் என்று.

எழுந்தீர்கள். "என் தொட்டியில இருந்து போற மீனுக்கு ஹூடாக் வழின்னு பேர் வெக்கச் சொல்லிட்டேன், என் நண்பனுக்கு நான் செய்யறது இவ்வளவுதான்," என்றீர்கள். உட்கார்ந்தீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். சிலர் எழுந்து நின்றே தட்டினார்கள். எனக்குப் பின்னால் இருந்தவர் பக்கத்து ஆளிடம், "பாவம், எமில் கடைசியில எல்லாத்தையும் குழப்பிட்டான். இருந்தாலும் இவர் விட்டுக் கொடுக்கல பாரு, மனுஷன்னா இவர்தான்" என்றது உங்களுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. உங்கள் கடிதம் என் கைப்பையில் இருந்தது. எழுந்து படித்திருக்கலாம். படிக்காமல், பியரோகியைத் திரும்ப மூடி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஆக, உங்கள் தப்பு எமில் மேல் நின்றுவிட்டது. அவருக்குச் சேர வேண்டிய பெயர் உங்கள் தர்மமாகப் போய்ச் சேர்ந்தது. கை தட்டும்போது நீங்கள் கையை ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றீர்கள், அதையும் பார்த்தேன். இதை நீங்கள் திட்டம் போட்டுச் செய்யவில்லை என்று நம்புகிறேன். ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு எது சுலபமோ அது தானாக வாயில் வருகிறது, அவ்வளவுதான்.

நான்கு நாள் யோசித்தேன். வெள்ளிக்கிழமை ஓப்பலை வீட்டுக்கு வரச் சொல்லி, உங்கள் நவம்பர் 3 கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். சங்கத்தின் டிசம்பர் மாதத் தாளில் வரும். மனைவி, பிள்ளை என்று நீங்கள் எழுதிய வரிகளை அடித்துவிடச் சொன்னேன், அது ஊருக்குத் தேவையில்லை. மற்றதெல்லாம் ஒரு எழுத்து மாறாமல் அச்சாகும். "எனக்கென்ன தெரியும்" என்று சமையலறையிலிருந்து கத்தியவள் நான் என்பதையும் கீழே போடச் சொல்லியிருக்கிறேன். என் பங்கை நான் ஒளிக்கவில்லை. எமில் இருந்திருந்தால் வேண்டாம் வெர்னா, விடு என்றுதான் சொல்லியிருப்பார். இருந்திருந்தால் இதற்குத் தேவையும் வந்திருக்காது.

மீன் ஹூடாக் வழியாகவே போகட்டும். அது உங்கள் கொடை இல்லை, அவருடைய மீன்.

குஞ்சுகளுக்கு ஐஸ் போட மாட்டேன். ஒன்றுகூட இந்த வீட்டைத் தாண்டிப் போகாது, எழுதி ஜன்னலில் ஒட்டச் சொன்னாலும் ஒட்டுகிறேன். இருக்கிறவரை இருக்கட்டும். பெரிய ஆணுக்கு நிறம் ஏற ஆரம்பித்திருக்கிறது. தாடை கறுக்கவில்லை, தோளும் சிவக்கவில்லை; பழுப்பாக ஏதோ ஒன்று. காலையில் நான் இறங்கிப்போனால் முன்னால் வந்து நிற்கிறது. அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

கோபமெல்லாம் உங்கள் மேல்தான். எமிலுக்கு அடுத்தபடி இந்த உலகத்தில் எனக்கு இருந்த ஆள் நீங்கள், அதனால்தான் இவ்வளவு. வேறு யாராவது செய்திருந்தால் இரண்டு நாள் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

சனிக்கிழமை காலையில் தண்ணீர் மாற்ற நீங்கள் வருவதற்காகப் பின்கதவைத் தாழ் போடாமல் வைப்பது என் வழக்கம். உங்களைத் திட்டி எழுதிய வாரங்களிலும் அப்படித்தான் வைத்திருந்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும், பத்து மணிவரை. இந்தக் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்ததும் தாழ் போட்டுவிடுவேன்.

இப்படிக்கு,
வெர்னா ஹூடாக்